சென்னையில் நடந்து போகும்போது வண்டி மோதினால்: முதல் மணி நேரத்திலிருந்து இழப்பீடு வரை

எங்கள் சித்திக்கு அப்போது 44 வயது. வீட்டிலேயே தையல் வேலை. 2022 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் ஆற்காடு சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் மோதி வலது மணிக்கட்டும் முழங்காலும் உடைந்தன. மோதிய பையன் ஓடிப்போகவில்லை. அவனே ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தான். கவுன்டரில் "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ரோட்ல விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னான். அங்கிருந்தவர்களும் 'தவறி விழுந்ததில் காயம்' என்று எழுதிக்கொண்டார்கள். சித்தி அப்போது பேசும் நிலையில் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து, குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வண்டி மோதியதாக மருத்துவமனையில் நீங்கள் சொல்லவே இல்லையே அம்மா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சித்தி திணறிப்போனார். கடைசியில் இழப்பீடு கிடைத்தது. ஆனால் அந்த ஒரு வரியைச் சரிக்கட்ட நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிதாகச் சென்னைக்கு வந்தவர்களுக்கு இந்த ஊரில் எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட், யாரிடம் எந்தத் தாளைக் கேட்பது என்று எதுவும் தெரிந்திருக்காது. இழப்பீட்டு வழக்கு கோர்ட்டில் நடப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி வழக்கு முதல் இரண்டு நாளில், மருத்துவமனை மேசையிலும் போலீஸ் மேசையிலும் எழுதப்படும் தாள்களிலேயே முடிந்துவிடுகிறது.

மோதிய அந்த நிமிடம்

முதலில் 108. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதைவிட, தலையிலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது. போலீஸுக்கு 100 அல்லது 112.

வண்டி எண்ணை உடனே போட்டோ எடுங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். வண்டி நின்ற இடம், ரோட்டில் தேய்ந்த டயர் தடம், ஜீப்ரா கோடு இருந்ததா, நடைபாதை இருந்ததா, அதை யாராவது ஆக்கிரமித்திருந்தார்களா என்பதெல்லாம் படத்தில் வர வேண்டும். பார்த்த ஒருவரின் போன் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். உதவி செய்பவர்கள் கோர்ட்டு கேஸு என்று பயப்படுவார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போக அவர்களுக்கு உரிமை உண்டு. சாட்சி சொல்ல வருவது அவர்கள் விருப்பம்.

மோதியவர் ஐயாயிரமோ பத்தாயிரமோ நீட்டி, "இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அடிபட்ட வேகத்தில் வலி தெரியாது. மறுநாள் எக்ஸ்ரேயில்தான் எலும்பு முறிவே தெரியவரும். அவரிடம் கோபப்படவும் வேண்டாம். பணம் பெரும்பாலும் அவர் கையிலிருந்து போவதில்லை, அவர் வண்டியின் இன்சூரன்ஸிலிருந்துதான் வரப்போகிறது. நடந்து போகும் நாம் அந்த இன்சூரன்ஸின் கணக்கில் 'மூன்றாம் நபர்'. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே நம் போன்றவர்களுக்காகத்தான். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால், அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பார்த்துவிடலாம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டிய தாள்

சாலை விபத்தில் அடிபட்டு வருபவரைப் பணம் கட்டச் சொல்லியோ, போலீஸ் வரட்டும் என்றோ எந்த மருத்துவமனையும் காக்க வைக்கக் கூடாது. தனியார் மருத்துவமனைக்கும் இதே விதிதான். உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான 81 வகைச் சிகிச்சைகள், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவரும் பெறலாம். இதைத் தவிர மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. சேர்க்கும்போதே "இந்தத் திட்டங்களில் இந்த மருத்துவமனை இருக்கிறதா?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் சொல்லாமல் போகலாம்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். விபத்துக் காயத்தோடு வருபவர் பற்றி மருத்துவமனையில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், பேச்சில் 'ஏஆர் காப்பி'. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதியது, யார் கொண்டுவந்து சேர்த்தார், என்னென்ன காயம் என்பதெல்லாம் அதில் வரும். இதை எழுதும்போது அடிபட்டவரோ நம்பிக்கையான சொந்தக்காரரோ நண்பரோ பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். "இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன சாலையில் நடந்து போகும்போது பைக் மோதியது" என்று சொல்லுங்கள், வண்டி எண் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அறைத் தோழர்களோடு தங்கியிருப்பவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ரூம்மேட் சொன்னாலும் போதும்.

தவறாக எழுதியிருந்தால் என்ன செய்வது? நாங்கள் கண்டுபிடித்தது மூன்றாம் நாள். திருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு சித்தி நினைவோடு சொன்னதைப் போலீஸ் புகாரில் விரிவாக எழுதினோம். மோதிய பையன் அவசரத்தில் தவறாகச் சொன்னதையும் அந்தப் புகாரிலேயே குறிப்பிட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னதில், அதில் 'சாலை விபத்து' என்று வந்தது. பக்கத்துக் கடையில் இருந்த சிசிடிவி பதிவு கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. அந்தப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். முதல் வாரத்திலேயே கடைக்காரரிடம் பேசுங்கள், விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து அதைக் கைப்பற்றச் சொல்லுங்கள்.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது

புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நம் ஊர்ப் பக்கம் விபத்து என்றால் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷன்தான். சென்னையில் சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு என்று தனிப் பிரிவு விசாரிக்கிறது. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் போய் நின்றால், "டிராஃபிக் இன்வெஸ்டிகேஷன்ல கேளுங்க" என்று அனுப்புவார்கள். எந்தப் பகுதிக்கு எந்தப் புலனாய்வுப் பிரிவு என்று அங்கேயே கேட்டுக்கொண்டு போங்கள். புறநகர் 2022 முதல் தாம்பரம், ஆவடி என்ற தனிக் காவல் ஆணையரகங்களின் கீழ் இருக்கிறது. எல்லைப் பிரச்சினையைச் சொல்லி ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பினால், எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்கிப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டம் சொல்வதை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். வேண்டியது எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். வாங்கியதும் நான்கு விஷயம் பாருங்கள்: வண்டி எண், நேரம், இடம், நீங்கள் எந்தத் திசையில் நடந்தீர்கள் என்பது. சாலையை நேராகக் கடந்தவரை 'திடீரெனக் குறுக்கே ஓடியவர்' என்று எழுதிவிட்டால், அதுவே பின்னால் தொகையைக் குறைக்கும்.

விபத்து வழக்கைப் பதிந்த போலீஸ் அதிகாரிக்கு 2022 ஏப்ரல் 1 முதல் சில கடமைகள் இருக்கின்றன. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். உங்கள் உரிமைகளை விளக்கும் படிவம் ஒன்றை உங்களிடம் தர வேண்டும். 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை கொடுக்க வேண்டும். உங்களிடமிருந்தும் சில விவரங்களைக் கேட்டு ஒரு படிவம் வரும். அதைச் சோம்பல் இல்லாமல் நிரப்பிக் கொடுங்கள். அப்புறம் போலீஸ் தயாரிக்கும் பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்கள் வழக்குக்கு வேண்டும். ஏட்டையா அலுத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை போய்ப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

வண்டி நிற்காமல் போய்விட்டால்

நம்பர் தெரியாது, வண்டி கிடைக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். மோதிவிட்டுத் தப்பிய வண்டிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் ஒரு திட்டம் இருக்கிறது. இறந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். இதற்கு கோர்ட்டுக்குப் போக வேண்டாம். எஃப்ஐஆர், மருத்துவத் தாள்களோடு வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் விசாரிப்பார், மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார். தொகை சின்னதுதான். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிடுபவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. பின்னால் வண்டி கிடைத்து வழக்கில் பணம் வந்தால், இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

மனு எங்கே, எப்போது

சென்னையில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. உங்கள் மனுவுக்கு எம்சிஓபி என்று தொடங்கும் ஒரு எண் கிடைக்கும். அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலும் போடலாம். கால் உடைந்து திருநெல்வேலிக்கோ தருமபுரிக்கோ திரும்பிப் போய்விட்டவர், வாய்தாவுக்கு வாய்தா சென்னை பஸ் ஏற வேண்டியதில்லை.

கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் முதல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆறு மாதம் கடந்ததற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது உண்மை. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்றாம் மாதத்துக்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

வழி இரண்டு. 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம்: இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். 166-ஆம் பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி சமரசமாகத் தரும் 164 தொகையை வாங்கிக்கொண்டால் 166 மனு அதோடு முடிந்துவிடும். லேசான முறிவு, முழுதாகக் குணமாகிவிட்டது என்றால் முதல் வழியை யோசிக்கலாம். கை கால் பழையபடி வேலை செய்யவில்லை, வருமானம் குறைந்துவிட்டது என்றால் கையெழுத்துப் போடும் முன் நிச்சயமாக ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

வக்கீல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வார்டுக்கே தேடி வந்து, "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பவர்கள் தரகர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரிஜினல் பில்களைக் கொடுத்துவிடாதீர்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணம் வைப்பது வழக்கறிஞர் விதிகளுக்கே எதிரானது. கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பும் கிடையாது. உதவி எண் 15100.

தொகை எப்படிக் கணக்காகிறது

மருத்துவச் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, வலி வேதனை, இனி செய்ய முடியாமல் போனவை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஆட்டோ ரசீது முதல் கட்டுத்துணி பில் வரை போட்டு வைத்தோம். ஏழு மாதப் பிசியோதெரபிக்கு எழுதி வாங்கிய ரசீதுகள் எல்லாம் பயன்பட்டன.

பெரிய தொகை வருவது நிரந்தர ஊனத்துக்குத்தான். அரசு மருத்துவமனையின் மருத்துவ வாரியம் சோதித்து ஊனச் சதவீதம் தரும். ஆனால் தாளில் உள்ள சதவீதம் வேறு, அது உங்கள் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பது வேறு. 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. வலது மணிக்கட்டு மடங்கவில்லை என்றால் ஆசிரியருக்கு ஒரு மாதிரி, தையல்காரருக்கு வேறு மாதிரி. எனவே உங்கள் வேலையில் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று விவரமாகச் சாட்சி சொல்லுங்கள்.

கணக்கைச் சித்தி மாதிரி ஒருவரை வைத்தே காட்டுகிறேன். மாத வருமானம் 12,000 என்றால் வருடத்துக்கு 1,44,000. சொந்தத் தொழில், 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வயது என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டினால் 1,80,000. வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 41 முதல் 45 வயது வரை அந்த எண் 14. பெருக்கினால் 25,20,000. உழைக்கும் திறனில் 15 சதவீதம் இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்றால் 3,78,000 ரூபாய். மற்ற தலைப்புகளின் தொகை இதற்கு மேல். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். ஊனம் சம்பாத்தியத்தைப் பாதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டுவிடும். அது குறைவாகத்தான் வரும்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கொத்தனார், வீட்டு வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர் எல்லோருக்கும் உத்தேச வருமானம் வைத்துக் கணக்குப் போடுவார்கள். சம்பளமே வாங்காத இல்லத்தரசியின் உழைப்புக்கும் விலை உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. வங்கி வரவு, ஜிபே வரவு, வாடிக்கையாளர் சாட்சி என்று எது இருந்தாலும் கொடுங்கள்.

"ஜீப்ராவில் கடக்கவில்லையே" என்றால்

கட்டாயம் கேட்பார்கள். நடந்து போனவர் மீதும் கொஞ்சம் தவறு என்று முடிவானால் அந்த அளவுக்குத் தொகை குறையும், வழக்கே போய்விடாது. அந்த இடத்தில் நடக்கும் தூரத்தில் ஜீப்ரா கோடோ சுரங்கப்பாதையோ இருந்ததா, நடைபாதையில் கால் வைக்க இடம் இருந்ததா என்று போட்டோவோடு காட்டுங்கள். ஜிஎஸ்டி சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போக எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது அங்கே தினமும் கடப்பவர்களுக்குத் தெரியும். நல்ல நடைபாதை கிடைப்பது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். நடைபாதை இல்லாத சாலையில் ஓரமாக நடந்தவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டாலும் இழப்பீட்டு வழக்கு தனியாக நடக்கும். இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

பணம் கைக்கு வரும்வரை

வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கூப்பிடுவார்கள். போங்கள். ஆனால் மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று ஓர் எண்ணை மனசில் வைத்துக்கொண்டு போங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்ததை மேல்முறையீடு செய்ய முடியாது.

தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் உரிமையாளர்தான் கட்ட வேண்டும், அதற்கு, தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட வேண்டியிருக்கும். அரசுப் பேருந்து மோதியிருந்தால் போக்குவரத்துக் கழகமே தரும். தீர்ப்பாகியும் பணம் வராமல் கோர்ட்டு அமீனா பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அது இந்த நிறைவேற்று மனுவின் வேலைதான்.

தொகை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். கணக்கு எண்ணையும் பாஸ்புக் நகலையும் நீங்களே சரிபார்த்துக் கோர்ட்டில் கொடுங்கள். உங்களுக்காகப் புதுக் கணக்கு தொடங்கித் தருகிறேன், ஏடிஎம் கார்டும் காசோலையும் என்னிடம் இருக்கட்டும் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். சித்தியின் கணக்கில் பணம் ஏறிய அன்று வங்கிக்குக் கூடப் போனது நான். அவர் முதலில் வாங்கியது மோட்டார் வைத்த தையல் மெஷின். காலால் மிதித்து ஓட்ட அந்த முழங்கால் இன்னும் ஒத்துழைப்பதில்லை.